இயற்கையன்பர் மா. கிருஷ்ணன்

பெரியோர் வரலாறு கூறப் புகுவோர் அரசரையும் புலவரையும் நாட்டுத் தலைவரையும் எடுத்துக்கொள்ளுதல் வழக்கம். அஃது முறையே. ஆயினும், தோளில் ஒரு கனத்த நிழற்படக் கருவியைச் சுமந்து, காட்டிலும் ஏரிக்கரையிலும் அலைந்து, எவரிடத்தும் கைகட்டி நில்லாது, தாம் கண்டதைக் கண்டவாறே எழுதியும் படம்பிடித்தும் வாழ்ந்து மறைந்த ஒருவர் வரலாறும் மாணவர்க்குப் பயன்படுவதே என்பது எமது கருத்து. ஆதலின், தமிழ்நாட்டிற் பிறந்து, இந்தியா முழுவதும் இயற்கையன்பரால் மதிக்கப்பெற்ற மா. கிருஷ்ணன் அவர்களின் வாழ்க்கையைச் சுருக்கமாக ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இவ்வரலாற்றை யாம் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் பண்ருட்டியைச் சார்ந்து ஓடும் கெடிலம் கடலூரையடைந்து கடலொடு கலக்கின்றது. அக்கழிமுகத்தின் சேற்றிலும், தெற்கே பிச்சாவரத்துக் கழிகளிலும், பெருமாள் ஏரி, வாலாஜா ஏரி, வீராணம் ஆகிய நீர்நிலைகளின் ஓரங்களிலும் ஆண்டுதோறும் மழைக்காலத்தையொட்டிக் கரைப்பறவைகள் வந்திறங்குகின்றன. உள்ளான், கொசு உள்ளான், பவளக்காலி, பச்சைக்காலி, உப்புக்கொத்தி, கோட்டான் என்று நம்மவர் அவற்றைப் பல பெயரால் வழங்குவர். இக்காலத்து மாணவரிற் பலர் கைப்பேசியைக் கொண்டோ, நல்ல கருவியைக் கொண்டோ அவற்றைப் படம்பிடிக்கின்றனர். பிடித்த படத்தைக் கணினியிலிட்டு மெருகேற்றுகின்றனர். படத்தை எவ்வளவு திருத்தலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்னும் வினா அவர்களுள் எழாமலிராது. அவ்வினாவிற்கு விடை தேடுவோர் கிருஷ்ணன் அவர்களின் வாழ்க்கையை அறிதல் நன்று.

கிருஷ்ணன் அவர்கள் 1912-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ஆம் தேதி திருநெல்வேலியிற் பிறந்தனர். இவர்தம் தந்தையார் தமிழ் நாவலுலகின் முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையா ஆவர். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த பெருங்குளம் மாதவையாவின் ஊர். அவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று, 1892-ஆம் ஆண்டிற் பி.ஏ. பட்டம் பெற்று, அரசாங்கத்தின் உப்பு இலாகாவிற் பணியாற்றியவர். பத்மாவதி சரித்திரம் எழுதிய அவர் கை தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே வன்மை பெற்றிருந்தது. ஒரு மிஷன் கல்லூரி நாட்டிற்கு அளித்த எழுத்தாளர் அவர் என்பதை நம்போன்ற கல்லூரியினர் நினைந்து மகிழலாம். அவர்க்குப் பிறந்த மக்கள் எண்மருள் இளையவரே கிருஷ்ணன்.

மாதவையா அரசாங்கப் பணியினின்றும் விலகிச் சென்னை மயிலாப்பூரில் வீடு கட்டிக் குடியேறினர். அவ்வீட்டிற்குத் தம் ஊர்ப்பெயரையே இட்டனர். இன்று மாடமாளிகைகள் நெருங்கி நிற்கும் அப்பகுதி அந்நாளிற் புதரும் வெளியுமாய்க் கிடந்தது; பறவைகள் மிக்கிருந்தன; நரிகளும் திரிந்தன. சிறுவராயிருந்த கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்து வந்தனர். வீட்டுப் பின்புறத்தைக் காட்டின் தொடக்கமாகக் காணும் கண் அவருக்கு அப்போதே அமைந்துவிட்டது எனலாம். பிற்காலத்தில் அவர் யானையையும் காட்டெருதையும் எவ்வளவு கருத்தோடு நோக்கினரோ, அவ்வளவு கருத்தோடு காக்கையையும் அணிலையும் பல்லியையும் நோக்கினர்.

1925-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ஆம் தேதி, சென்னைப் பல்கலைக்கழக ஆட்சி மன்றத்தில், பட்டப்படிப்பில் தாய்மொழிக்கு உரிய இடம் வேண்டும் என்று வாதிட்டுப் பேசிய மாதவையா அவ்விடத்திலேயே சாய்ந்து உயிர் நீத்தனர். கிருஷ்ணனுக்கு அப்பொழுது வயது பதின்மூன்று. தந்தையார் விட்டுச் சென்ற பொருள் பெரிதன்று. மொழிப்பற்றும், மனத்திற்பட்டதை அஞ்சாது கூறும் இயல்புமே மகனுக்குக் கிடைத்த முதல். அவ்விரண்டும் அவரை விட்டு இறுதிவரை நீங்கவில்லை.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் கற்ற பின், கிருஷ்ணன் சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரியிற் சேர்ந்து 1931-ஆம் ஆண்டிற் பி.ஏ. பட்டம் பெற்றனர். அங்கே தாவர நூலாசிரியராயிருந்த பைஸன் என்பவர் தென்னிந்திய மலைகளின் செடிகொடிகளை ஆராய்ந்து நூல் செய்த பேரறிஞர். அவர் நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செடி தேடிச் சென்றபோது கிருஷ்ணனும் உடன் சென்றனர். பைஸனின் மனைவியார் நீர்வண்ண ஓவியத்திற் கைதேர்ந்தவர். அவரிடத்துக் கிருஷ்ணன் ஓவியத்தின் நுட்பங்களைக் கற்றுக்கொண்டனர். ஓர் இலையின் நரம்பை எண்ணிப் பார்த்து வரையப் பழகிய கை, பின்னாளிற் கருவியைப் பிடித்தபோது எதை விடுவது எதைக் கொள்வது என்று தடுமாறவில்லை. ஓவியப் பயிற்சியின் பயன் நிழற்படத்தில் எவ்வாறு விளங்கும் என்பதற்கு இவரே சான்றாவர்.

கல்லூரியில் அவர் முதன்மை மாணவரென்று பெயர் பெறவில்லை. 1936-ஆம் ஆண்டிற் சட்டப் பட்டமும் பெற்றனர். வழக்குமன்றம் அவர் மனத்தைக் கவரவில்லை. உலகமெங்கும் பொருள் முடை மிகுந்திருந்த காலம் அது. பட்டம் பெற்ற இளைஞர் பலர் வேலையின்றித் தவித்தனர். கிருஷ்ணனும் சிறுசிறு வேலைகள் பார்த்தும், பத்திரிகைகளுக்கு எழுதியும், படம் வரைந்து கொடுத்தும் நாட்கழித்தனர். இடையே திருமணமும் நிகழ்ந்து குடும்பப் பொறுப்பும் கூடியது.

1942-ஆம் ஆண்டில், இன்று கருநாடக மாநிலத்தின் பல்லாரிப் பகுதியைச் சேர்ந்த சண்டூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே அவர் ஆற்றிய பணிகளை எண்ணின் வியப்பு மிகும். பள்ளியாசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, அரசரின் காரியதரிசி எனப் பல பொறுப்புகளை மாறிமாறி ஏற்றனர். ஆனால் அவர்தம் உள்ளம் சண்டூரைச் சூழ்ந்த மலைகளிலும் புதர்க்காடுகளிலுமே தங்கியிருந்தது. ஆடு மேய்த்தும், புறா வளர்த்துத் தூது விட்டுப் பார்த்தும், ஓய்ந்த பொழுதெல்லாம் காட்டிற் றிரிந்தும் விலங்கு புள்ளினங்களின் ஒழுக்கத்தைக் கற்றனர். நூலிற் படித்து எழுதுவோர் பலர். கிருஷ்ணன் காலால் நடந்து கற்றவர்.

1949-ஆம் ஆண்டிற் சண்டூர் சமஸ்தானம் சென்னை ராஜ்யத்தோடு இணைக்கப்பட்டது. அங்குப் பணியாற்றியோர்க்கு அரசாங்க உத்தியோகம் பெறும் வாய்ப்பு இருந்தது. மாதந்தோறும் சம்பளம், முதுமையில் உபகாரச் சம்பளம், ஊரார் மதிப்பு ஆகியன எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. கிருஷ்ணனுக்கு அப்பொழுது முப்பத்தேழு வயது. மனைவியும் மகனும் உடையவர். வேறு சொத்து வருவாய் இல்லாதவர். அவர் அவ்வுத்தியோகத்தை வேண்டாவென்று விலக்கிச் சென்னைக்குத் திரும்பினர். எழுத்தும் படமுமே இனித் தம் பிழைப்பு என்று உறுதி செய்துகொண்டனர். நம் நாட்டில் அக்காலத்திற் காட்டுயிர்களைப் படம்பிடித்து உண்டு உடுத்தவர் எத்தனை பேர்? எண்ணிப் பார்ப்பின் அத்துணிவின் அளவு விளங்கும். பெற்றோரும் உற்றோரும் நிலையான வேலை ஒன்றையே பொருளாகக் கருதும் குடும்பங்களிலிருந்து வரும் நம் மாணவர்க்கு, அத்துணிவின் விலையும் விளங்கும். அவர் செல்வராகவில்லை, எளிமையாகவே வாழ்ந்தனர். ஆயினும், தாம் நம்பாத ஒன்றை எழுதவேண்டிய நிலை அவருக்கு ஒருநாளும் நேரவில்லை.

1950-ஆம் ஆண்டு முதற் கல்கத்தாவில் வெளிவந்த ஸ்டேட்ஸ்மன் என்னும் ஆங்கிலப் பத்திரிகையில் இரு வாரங்களுக்கொருமுறை இயற்கை பற்றிய கட்டுரை எழுதத் தொடங்கினர். கன்ட்ரி நோட்புக் என்னும் தலைப்பில் வந்த அக்கட்டுரைத் தொடர் நாற்பத்தாறு ஆண்டுகள் நடைபெற்றது. ஒருவரே ஒரு பத்திரிகையில் ஒரே பொருள் பற்றி இத்துணைக் காலம் எழுதியது அரிய செயலாம். கட்டுரைக்கு வேண்டிய படங்களையும் பெரும்பாலும் தாமே வரைந்தனர். அன்றேல் தாம் எடுத்த நிழற்படங்களைச் சேர்த்தனர்.

இனி அவர்தம் நிழற்படக் கலையைப் பற்றிச் சிறிது கூறுவோம். கடையில் விற்கும் கருவியொன்றை வாங்கி அவ்வாறே பயன்படுத்துதல் அவர்க்குப் போதவில்லை. வேறுவேறு இடத்திற் செய்த உறுப்புகளைத் தம் தேவைக்கேற்ப ஒன்றாகப் பொருத்தி, கனத்த ஒரு கருவியை அமைத்துக்கொண்டனர். அதன் பாரத்தை நினைந்து சூப்பர் பாண்டரோசா என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரும் இட்டனர். அதனைச் சுமந்து நடந்தும், காட்டிலாகாவின் யானைமேல் ஏறியும் படம்பிடித்தனர். யானை, காட்டெருது, மான் முதலிய பெருவிலங்குகளின் படங்களாலேயே அவர் புகழ் பெரிதும் பரவிற்று. பறவைகளின் படங்களும் பலவாம். வண்ணப்பிலிம் எங்கும் பரவிய பிறகும் அவர் கறுப்பு வெள்ளைப் படத்தையே விடாது பற்றிநின்றனர்.

கறுப்பு வெள்ளையிற் கரைப்பறவையைப் படம்பிடித்தல் எளிய செயலன்று என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும். உள்ளானை எடுத்துக்கொள்வோம். அதன் முதுகு சேற்றின் நிறம், வயிறோ வெண்மை. நீர்ப்பரப்பு வெயிலிற் கண்ணாடிபோல் ஒளிவிடும். ஈரச்சேறு கரிய நிறங்கொள்ளும். வெள்ளிறகின் வரிகள் தெரியும்படி ஒளியைக் குறைத்து விட்டால் சேறும் முதுகும் ஒன்றாய் இருண்டுபோம். முதுகின் புள்ளிகள் தெரியும்படி ஒளியை மிகுத்தாலோ வயிறு சுண்ணாம்புக் கட்டியைப்போல் வெளுத்துவிடும். வண்ணப்படத்தில் நிறவேற்றுமை பறவையைப் பிரித்துக் காட்டும். கறுப்பு வெள்ளையில் அவ்வுதவி இல்லை. ஒளியும் நிழலும் ஒன்றே பிரித்துக் காட்ட வேண்டும். ஆதலின், வெயில் ஏறுமுன் காலையில், சூரியன் படம்பிடிப்போன் முதுகுப்புறம் இருக்க, பறவையின் கண்மட்டத்திற்குத் தாழ்ந்து கிடந்து பிடிப்பதே சிறந்த முறை. பகல் ஏற ஏற நிலத்தினின்றும் எழும் கானல் படத்தைக் கலங்கச் செய்யும். எத்துணைச் சிறந்த லென்ஸும் அக்கலக்கத்தை நீக்காது.

மேலும், இப்பறவைகள் ஓரிடத்தில் நில்லா. உப்புக்கொத்தி சில அடிகள் ஓடும், நிற்கும், குனிந்து கொத்தும், மீண்டும் ஓடும். அந்த நிற்றலை முன்னறிந்து காத்திருப்பவனுக்கே தெளிந்த படம் வாய்க்கும். நெடுங்கால் உள்ளானோ நீரில் நிற்கும்போது தன் நிழலையும் நீரிற் காட்டும். அந்நிழலையும் சேர்த்துப் பிடிக்காவிடிற் படம் கால் வெட்டுண்டதுபோல் தோன்றும். நேரே நடந்து அணுகினாற் பறந்துவிடும். பக்கவாட்டாய், நின்று நின்று, உருவத்தைத் தாழ்த்திச் சென்றாற் பொறுத்துக்கொள்ளும். இவையெல்லாம் கருவி கற்பிப்பன அல்ல, பறவையே கற்பிப்பன. நீர்நிலையில் நிற்கும் கொக்கின் பொறுமையை ஔவையார் மூதுரையில் எடுத்துக்காட்டினார். அக்கொக்கைப் படம்பிடிப்பவனுக்கு அதனினும் மிக்க பொறுமை வேண்டும்.

படம்பிடித்தலோடு வேலை முடிவதில்லை. கிருஷ்ணன் காலத்திற் பிடித்த படம் நன்றோ தீதோ என்று அவ்விடத்தில் அறிய வழியில்லை. பிலிமை இருட்டறையிற் கொண்டுபோய் மருந்துநீரிற் கழுவிய பின்னரே பல நாள் அலைச்சலின் பயன் தெரியும். கிருஷ்ணன் இருட்டறை வேலையையும் பிறர் கையில் விடாது தாமே செய்துகொண்டவர். பிலிமினின்றும் தாளிற் பெரிதாக்கி அச்சிடும்போது திருத்தத்திற்கு இடமுண்டு. ஒளிவேற்றுமை குறைந்த பிலிமிற்கு வன்மையான தாளும், மிகுந்த பிலிமிற்கு மென்மையான தாளும் தேர்ந்து கொள்ளலாம். தாளின்மேல் ஒளி விழுங்கால் மிக இருளும் பகுதியைக் கையால் மறைத்து வெளிறச் செய்யலாம். மிக வெளிறும் பகுதிக்குச் சிறிது நேரம் கூடுதலாக ஒளி காட்டலாம். இவ்வாறு வெள்ளிறகின் வரியும் கருஞ்சேற்றின் ஈரமும் ஒரே தாளில் விளங்குமாறு செய்யலாம். வேண்டாத ஓரங்களை விலக்கிப் பறவையை உரிய இடத்தில் அமைக்கலாம். ஆயின் மிகவும் வெட்டிப் பெரிதாக்கினாற் படம் மணல்மணலாய்ச் சிதறும். கணினியில் நம் மாணவர் இன்று செய்யும் திருத்தங்களிற் பல, இருட்டறையில் விரலாலும் அட்டைத்துண்டாலும் செய்யப்பட்டவையே.

இங்கேதான் கிருஷ்ணன் அவர்களின் கொள்கை நமக்கு வழிகாட்டுகின்றது. அவர் காட்டுயிர்ப் படத்தை அலங்காரப் பொருளாகக் கருதவில்லை. இயற்கை வரலாற்றின் சான்றாகவே கருதினர். அவ்விலங்கு அவ்விடத்தில் அந்நேரத்தில் அவ்வாறு இருந்தது என்பதற்கு அப்படம் சாட்சி. சாட்சி தெளிவாகப் பேசும்படி செய்தல் திருத்தம். சாட்சியை மாற்றிப் பேசச் செய்தல் பொய். மங்கிய இறகைத் துலங்கச் செய்வது முன்னதன்பாற்படும். இல்லாத பறவையைச் சேர்ப்பதும், இருந்த கம்பியையும் குப்பையையும் துடைத்தெறிந்து கெடாத நிலம்போற் காட்டுவதும் பின்னதன்பாற்படும். கூண்டிலடைத்த விலங்கைக் காட்டில் எடுத்ததுபோற் காட்டுதலும் அவ்வகையே. அக்காலத்தில் இவ்வகைப் பொய் செய்வதற்கு மிக்க உழைப்பு வேண்டியிருந்தது. இக்காலத்தில் ஒரு விரலசைவு போதும். ஆதலின் இக்கொள்கை அவர் காலத்தினும் நம் காலத்திற்கே மிகுதியும் வேண்டுவதாகும்.

இது வெறும் கலைநுட்ப வாதமன்று. ஓர் ஏரியின் கரையில் இருபது ஆண்டுகளுக்கு முன் எப்பறவை நின்றது, நீர் எவ்வளவு இருந்தது, கரையில் என்ன மரம் நின்றது என்று பின்வருவோர் அறிய விரும்பினால் அப்படமே அவர்க்குக் கிடைக்கும் ஆவணம். அழகின் பொருட்டுப் பொய் கலந்த படம் அன்று நம்மை மகிழ்விக்கலாம். நீர்நிலைக்காக வழக்காட வேண்டிய நாளில் உதவாது.

கிருஷ்ணன் தம் எழுத்தையும் படத்தையும் நிலங்காக்கும் பணிக்கே பயன்படுத்தினர். செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள வேடந்தாங்கல் ஏரியை அவர் மிகவும் நேசித்தனர். அவ்வேரியின் நீர்க்கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, வக்கா, நீர்க்காகம், கரண்டிவாயன் முதலியன கூடு கட்டும். அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாதலின், ஊரார் பன்னெடுங்காலமாக அப்பறவைகளைச் சுடவொட்டாது காத்து வந்தனர். 1798-ஆம் ஆண்டிலேயே ஜில்லாக் கலெக்டரான லயனல் பிளேஸ் என்பவர் அவ்வூரார் உரிமையை ஒப்புக்கொண்டனர் என்பது வரலாறு. கிருஷ்ணன் அவ்விடத்துப் பறவைகளைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பொதுமக்கள் அறியச் செய்தனர். அவர்தம் தமிழ்க் கட்டுரைகள் பிற்காலத்திற் பறவைகளும் வேடந்தாங்கலும் என்னும் நூலாகத் தொகுக்கப்பெற்றுள்ளன.

இதனினும் நம் கரைப்பறவைகளோடு நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. தஞ்சைக் கடற்கரையின் தென்முனையிலுள்ள கோடியக்கரைக் காட்டையும் அதனைச் சார்ந்த வெளிகளையும், தீபகற்பத்தின் தென்கோடியில் வெளிமான் இயல்பாக வாழும் எஞ்சிய இடமென்று 1962-ஆம் ஆண்டிற் கிருஷ்ணன் கண்டறிந்து கூறினர். அவ்வாண்டிலேயே பறவை நூற்பேரறிஞர் சலீம் அலியும் அவ்விடம் சென்று கண்டனர். இவற்றின் பயனாக 1967-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13-ஆம் தேதி அஃது காட்டுயிர்ச் சரணாலயமாக ஏற்படுத்தப்பட்டது. வெளிமானுக்காக எழுந்த அப்பாதுகாப்பின் நிழலில் எண்ணிறந்த கரைப்பறவைகளும் தங்குகின்றன. பூநாரைகள் அங்குக் கூட்டமாக வருகின்றன. ஒரு பிடிக்குள் அடங்கும் கொசு உள்ளான், ஏறத்தாழ இரண்டரைத் தோலா எடையே உடையது, வடதுருவத்தையடுத்த நிலங்களிற் குஞ்சு பொரித்துப் பல்லாயிரம் மைல் பறந்து அங்கு வந்து சேற்றிற் புழு கொத்துகின்றது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுத்து, அவற்றின் வலசையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். 2002-ஆம் ஆண்டில் அவ்வீரநிலம் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முதன்மை பெற்ற இடங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஒருவர் ஓரிடத்தை ஊன்றிப் பார்த்து உண்மையை எழுதியதன் பயன் எத்துணைத் தூரம் பரவுகின்றது, பாருங்கள்!

1968-ஆம் ஆண்டில் அவருக்கு ஜவாஹர்லால் நேரு ஆய்வுநல்கை அளிக்கப்பட்டது. அதனைக் கொண்டு தீபகற்ப இந்தியாவின் பெருவிலங்குகளின் நிலையை ஊர்தோறும் காடுதோறும் சென்று ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சி, 1959 முதல் 1970 வரை இந்தியக் காட்டுயிர்கள் இருந்த நிலையைக் கூறும் நூலாக 1975-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1970-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ பட்டம் வழங்கிற்று. 1995-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு அவரை உலகச் சான்றோர் ஐந்நூற்றுவர் வரிசையிற் சேர்த்துப் பாராட்டிற்று. பட்டம் வந்தமையால் அவர்தம் பேச்சின் கூர்மை குறையவில்லை. அரசாங்கக் குழுக்களில் அமர்ந்தபோதும் தவறெனக் கண்டதைத் தவறென்றே உரைத்தனர். அயல்நாட்டு மரங்களை நம் நிலமெங்கும் நட்டு அதனைப் பசுமையென்று கொண்டாடுதலை அவர் வன்மையாகக் கண்டித்தனர். இந்நாட்டு மரமும் புதரும் புல்லுமே இந்நாட்டு விலங்கிற்கும் புள்ளிற்கும் உரியன என்பது அவர்தம் உறுதி. வெற்று நிலமென்று பிறர் இகழும் புதர்க்காட்டையும் உவர்வெளியையும் அவர் வெற்று நிலமாகக் காணவில்லை.

தமிழ் இலக்கியத்தில் அவருக்கிருந்த பற்றும் குறிப்பிடத்தக்கது. சங்கநூல்களில் வரும் விலங்கு புள்ளினங்களைத் தாம் காட்டிற் கண்டவற்றோடு ஒப்பிட்டு நோக்கி மகிழ்ந்தனர். நம் முன்னோர் கண்ணாற் கண்டு பாடினர் என்பதற்கு அவர்தம் ஒப்பீடு சான்றாயிற்று. தமிழ்க் கலைக்களஞ்சியத்திற்கும் பறவைகளைப் பற்றி எழுதி உதவினர். அவர்தம் தமிழ்க் கட்டுரைகள் சிலவற்றைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து மழைக்காலமும் குயிலோசையும் என்னும் பெயரால் வெளியிட்டனர். இவரும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பழைய மாணவரே. ஆங்கிலத்தில் அத்துணைப் புகழ் பெற்ற கிருஷ்ணன் தமிழில் மேலும் எழுதாமற் போயினரே என்னும் குறை எமக்குண்டு. ஆனால் அவர் எழுதிய சிறிதளவே, அறிவியலைத் தெளிந்த தமிழில் எழுதலாம் என்பதற்குப் போதிய சான்று.

1996-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 18-ஆம் தேதி, தமது எண்பத்துமூன்றாம் வயதில், கிருஷ்ணன் சென்னையிற் காலமாயினர். அவர்தம் கட்டுரைத்தொடரின் இறுதிக் கட்டுரை அந்நாளிலேயே வெளிவந்தது. நாற்பத்தாறு ஆண்டுகளாக ஓடிய பேனா உயிரோடு ஒருங்கே நின்றது. அவர்தம் நினைவாகச் சென்னை இயற்கையாளர் சங்கத்தார் இளைஞர்க்கு இயற்கை எழுத்துப் பரிசொன்றை ஏற்படுத்தினர்.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கன யாவை? காடு தேடி நெடுந்தூரம் போதல் வேண்டுவதில்லை. நம் பகுதியே நமக்குப் போதிய பாடசாலை. நெய்வேலிச் சுரங்கத்தினின்றும் இறைக்கப்படும் நீர் வாலாஜா ஏரியைச் சார்ந்து வயல்களுக்குப் பாய்கின்றது. நிலக்கரி அகழும் ஊரும், பலாவும் முந்திரியும் விளையும் ஊரும், நாரையும் உள்ளானும் மேயும் ஏரியும் அடுத்தடுத்து அமைந்த பகுதி நம்முடையது. அங்கே என்ன வருகின்றது, என்ன குறைகின்றது என்று ஆண்டுதோறும் பார்த்துக் குறிப்பவர் வேண்டும். கெடிலத்தின் மணலில் ஆள்காட்டியும் சிறு உப்புக்கொத்தியும் கூழாங்கல்லோடு வேறுபாடு தெரியாத முட்டையை வெறுந்தரையில் இடுவன. நல்ல படமொன்றின் ஆசையால் ஆராயாது அடிவைப்போமாயின் அம்முட்டையை நாமே மிதித்தழிப்போம். தாய்ப்பறவையை நெடுநேரம் அகற்றி நிறுத்தினால் வெயிலே அதனைக் கெடுத்துவிடும். படத்தினும் பறவை பெரிது என்பதை முதற்பாடமாகக் கொள்வோம்.

இரண்டாவதாக, எடுத்த படத்தின் பின்புறம் நாளும் இடமும் பறவையின் பெயரும் குறித்து வைப்போம்; கணினியில் வைப்போரும் அவ்வாறே செய்க. திருத்துமுன் மூலப்படத்தை மாற்றாது தனியே போற்றி வைப்போம். தெளிவின் பொருட்டுத் திருத்துவோம். புகழின் பொருட்டு மாற்றோம். மங்கலாயினும் உண்மையான ஒரு படம், மினுக்கிய பொய்ப்படம் நூறினும் மேம்பட்டது.

மூன்றாவதாக, பிழைப்பிற்குரிய தொழிலைத் தேர்ந்தெடுக்குங்கால் மனச்சான்றையும் ஒருமுறை கேட்டுக்கொள்வோம். எல்லோரும் உத்தியோகத்தை விட்டுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டுமென்று யாம் கூறவில்லை. ஆசிரியராயினும், பொறியியலாளராயினும், சுரங்கத்திற் பணிபுரிவோராயினும், கண்டதைக் கண்டவாறு கூறும் நேர்மை எத்தொழிலிலும் இடம்பெறும். அந்நேர்மைக்கு ஒரு விலையுண்டு. அவ்விலையை முணுமுணுக்காது கொடுத்தவர் கிருஷ்ணன். கோடியக்கரையில் ஆண்டுதோறும் வந்திறங்கும் சிறு பறவைகள் அவர் பெயரை அறியா. அறிந்த நாம் அவர் வழியைப் போற்றுவோமாக.